தாய்வீடும் புதுவீடும்

வீடு இடம் மாறினால் குடும்பத்தின் உருவமும் மாறுகின்றது. பெருநகரை விட்டுப் புறநகரிற் குடியேறி, அங்கிருந்து நாள்தோறும் தொழிலுக்குப் போய்வரும் வாழ்க்கை உலகெங்கும் பெருகியுள்ளது. அவ்வாழ்க்கை குடும்ப உறவுகளை எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு இலண்டன் மாநகரம் தக்கதொரு சான்று தருகின்றது.

இலண்டனின் கிழக்கிலே பெத்னல் கிறீன் என்னும் பழைய தொழிலாளர் பகுதி உள்ளது. இரண்டாம் உலகப் போரின் பின் அங்கு வீட்டுப் பஞ்சம் மிகுந்திருந்தது. குண்டுவீச்சுக்குத் தப்பிய வீடுகள் பலவற்றிற் குளியலறை இல்லை. ஒரே வீட்டிற் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. ஆகவே அக்காலத்து இலண்டன் கவுண்டி சபை, ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலே, எசெக்ஸ் பகுதியிலுள்ள டெப்டனிற் புதிய வீடுகளைக் கட்டியது. 1949இல் இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரத சேவை அங்கும் எட்டியது. காலையில் நகருக்குச் சென்று மாலையில் மீள்வது ஆடவரின் அன்றாட வழக்கமாயிற்று.

இவ்வாறு குடிபெயர்ந்தோரின் வாழ்க்கையை மைக்கல் யங், பீற்றர் வில்மற் என்னும் ஆய்வாளர் இருவர் நேரிற் கேட்டறிந்து, 1957இல் நூலாக வெளியிட்டனர். கிறீன்லீ என்னும் புனைபெயரால் அவர்கள் அந்நூலிற் குறித்த இடம் டெப்டனே ஆகும்.

பெத்னல் கிறீனிற் குடும்பத்தின் அச்சாணி தாயே என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. மணமான மகள் தாய்வீட்டுக்கு அண்மையிலேயே குடியிருந்தாள். வாடகை வாங்க வருபவரிடம் சொல்லி மகளுக்கு வீடு தேடிக் கொடுப்பவளும், பிள்ளைப்பேற்றின்போது துணைநிற்பவளும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவளும் தாயே. தாய்வீடு என்னும் சொல்லின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இலண்டன் தொழிலாளரிடையேயும் அது அத்துணை வலிமையுடன் விளங்கிற்று.

குடிபெயர்ந்தபின் நேர்ந்தது யாது? ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 47 தம்பதிகளுள், மனைவியர் பெற்றார், உடன்பிறந்தார் முதலிய நெருங்கிய உறவினரைப் பழைய இடத்திலே கிழமைக்குச் சராசரி 17 முறை சந்தித்தனர். புதிய இடத்தில் 1953இல் அது மூன்றாகக் குறைந்தது. 1955இல் மேலுங் குறைந்தது. கடைவீதியிற் கண்டு பேசுவதும் அரிதாயிற்று. பெத்னல் கிறீனில் 44 பேருக்கு ஒரு கடை இருக்க, இங்கே 300 பேருக்கு ஒன்றே இருந்தது. மனைவி நோயுற்றாற் கணவன் வேலைக்குப் போகாது நிற்க நேர்ந்தது. சில வீடுகளில் மூத்த பிள்ளையின் படிப்புத் தடைப்பட்டது. தாயைக் காணப் போவதற்கோ புகையிரதக் கட்டணம் தேவைப்பட்டது.

எனினும் இழப்பு மட்டுமே நேர்ந்தது என்று கொள்ளலாகாது. பலர் தம் பிள்ளைகளின் நலங் கருதியே வந்தனர். குளியலறை, தோட்டம், தூய காற்று யாவும் அவர்களுக்குக் கிட்டின. கணவன் மாலை நேரத்தைத் தோட்டத்திலும் வீட்டுத் திருத்தத்திலும் கழித்தான். உறவினர் இல்லாத இடத்திற் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் துணையாயினர். 1955இல் அங்கே நூறு வீடுகளில் 65இல் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. பெத்னல் கிறீனில் 32 வீடுகளிலேயே இருந்தது. ஆயினும் பிள்ளைப் பருவம் முதல் ஒருவரையொருவர் அறிந்தவர் வாழ்ந்த பழைய தெருவில் மனிதரைக் குணத்தால் மதித்தனர். அறிமுகமில்லாத புதிய தெருவிலோ யன்னற்சீலையும் வீட்டுப் பொருள்களுமே மதிப்பின் அளவுகோல் ஆயின.

அங்ஙனமாயின், புறநகர் வாழ்வு உறவை அழித்தே தீருமோ? இவ்வினாவுக்கு விடை வேறோர் ஊரிற் கிடைத்தது. டகனம் என்னும் இடத்தில் அதே சபை 1921இற் கட்டத் தொடங்கிய பெரிய குடியிருப்பை, நாற்பது ஆண்டுகளின் பின் வில்மற் ஆராய்ந்து 1963இல் நூல் வெளியிட்டார். முதலிற் குடியேறியோரின் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து மணமுடித்திருந்தனர். அவர்களுள் அண்மையில் வீடு பெற்றவர்களிடையே, பெத்னல் கிறீனைப் போலவே தாய்-மகள் உறவு மீண்டும் தழைத்திருந்தது. வீடு கிடையாதவரோ வேறிடம் தேடிச் சென்றனர்.

எனவே, உறவைப் பிரித்தது தொலைவு மட்டுமன்று. ஒரு தலைமுறையை மாத்திரம் பெயர்த்து, மற்றத் தலைமுறையை விட்டுவிட்ட வீடமைப்பு முறையும் ஆகும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்போரை மட்டும் எண்ணி வீடு கட்டுவோர், மூதாட்டியின் இடத்தை மறந்துவிடுகின்றனர். புதிய வீட்டுக்கு அருகே தாய்க்கும் ஒரு வீடு அமையுமானால், மகளின் இடர்க்காலத்தில் உதவி புகையிரதத்துக்குக் காத்திராது, நடந்தே வந்து சேரும்.