வேகக் காருக்கு மின்சார ஆயில் பம்பு: தேர்வுக்கு முந்தைய கணக்குகள்

கார் எஞ்சினுக்குள் எண்ணெயைச் சுழலவைக்கும் முதன்மை ஆயில் பம்பு, கிராங்க் தண்டிலிருந்து சங்கிலி வழியாகவோ பல்சக்கரம் வழியாகவோ விசையைப் பெற்று, எஞ்சின் சுழலும் நேரமெல்லாம் தானும் சுழல்கிறது. மின்சார ஆயில் பம்போ, பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தில் தனி மோட்டாரால் இயங்கி, எஞ்சினின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாமல், முதன்மைப் பம்பு சென்று சேராத இடங்களில் எண்ணெயை நகர்த்துகிறது. பந்தயத் தடத்தில் நீண்ட நேரம் முழு விசையில் ஓடும் கார்களுக்கு இத்தகைய துணைப் பம்பு தேவைப்படுவதுண்டு. அதைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள ‘நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்ற எண் முதலில் கண்ணில் படுகிறது. எந்த எண்ணெயில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக அந்த எண் அளக்கப்பட்டது என்பது தெரியாதவரை அதற்குப் பொருளில்லை.

முதன்மைப் பம்பையே மின்சாரத்தில் இயக்கிவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழக்கூடும். நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெயை 5 பார் அழுத்தத்தில் செலுத்த வேண்டிய எஞ்சினில், எண்ணெய் பெறும் திறன் மட்டும் ஏறத்தாழ 330 வாட் ஆகிறது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து வாங்கும் மின்சாரத்தில் பாதியைத்தான் பயனாக்குகின்றன என்று கொண்டால், வயரிங்கில் ஓயாமல் 50 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, ஒரு ஃபியூஸ் எரிந்தாலே அழுத்தம் அற்றுப்போய், பேரிங்குகள் சில நொடிகளில் சிதைந்துவிடும் என்பது. ஆகவே எஞ்சினின் உயிர்நாடியான எண்ணெய் ஓட்டத்தை இயந்திர விசையிடமே விட்டுவிட்டு, துணைப் பணிகளை மட்டும் மின்சாரப் பம்பிடம் ஒப்படைப்பதே வழக்கமாக இருந்து வருகிறது.

அத்துணைப் பணிகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் எண்ணெயையோ கியர்பாக்ஸின் எண்ணெயையோ கூலருக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது. இரண்டாவது, எண்ணெய்த் தொட்டியைவிடத் தாழ்வாகவோ காரின் பின்புறத்திலோ டர்போவைப் பொருத்தும்போது, தன் எடையால் வடிந்து திரும்ப முடியாத எண்ணெயை உறிஞ்சித் தொட்டியில் சேர்ப்பது. மூன்றாவது, கடும் வளைவுகளில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும் எண்ணெயை மீட்பது. 2005 வாக்கில் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரின் 5 லிட்டர், 10 சிலிண்டர் எஞ்சினில், வளைவின்போது வெளிப்பக்கச் சிலிண்டர் ஹெட்டில் தேங்கும் எண்ணெயை இழுத்துத் தொட்டிக்கு அனுப்புவதற்கென்றே இரண்டு மின்சாரப் பம்புகள் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. அந்த எஞ்சினிலும் அழுத்தத்தோடு உயவூட்டும் பொறுப்பு இயந்திர விசைப் பம்பிடமே இருந்தது.

பணி எது என்று தீர்மானமான பின்னரே எவ்வளவு எண்ணெய் ஓட வேண்டும் என்ற கணக்கைத் தொடங்க முடியும். டிஃபரென்ஷியலில் பற்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கியபடியே பொருந்துவதால், கடந்து செல்லும் திறனில் ஒரு சிறு பங்கு வெப்பமாகிறது. தடத்தில் சராசரியாக 150 கிலோவாட் திறன் கடந்து செல்கிறது என்றும், அதில் 3 விழுக்காடு வெப்பமாகிறது என்றும் கொண்டால், 4.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற ஏறத்தாழ 1.7 கிலோஜூல் ஆற்றல் போதும். எனவே கூலருக்குள் 20 டிகிரி குறைந்து திரும்பும் ஒவ்வொரு லிட்டரும் 34 கிலோஜூலை வெளியே விட்டு வருகிறது. இந்த இரண்டையும் வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர் போதும் என்று தெரிகிறது. உறையின் வழியே காற்றில் கலந்துவிடும் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் உண்மைத் தேவை இன்னும் குறையலாம். ஆகவே 20 லிட்டர், 30 லிட்டர் என்று விளம்பரப்படுத்தப்படும் பெரிய பம்பு இவ்விடத்தில் மிகையே.

ஆனால் அந்த 8 லிட்டரும் உண்மையான எண்ணெயில் கிடைக்க வேண்டும். திரவம் ஓடும்போது தனக்குள்ளேயே காட்டும் உராய்வுக்குப் பாகுத்தன்மை என்று பெயர். அது வெப்பத்தோடு பெரிதும் மாறுவது. டிஃபரென்ஷியலில் ஊற்றப்படும் 75டபிள்யூ-90 வகைக் கியர் ஆயில், 100 டிகிரி செல்சியஸில் 13.5 சென்டிஸ்டோக் அளவுக்குக் குறையாத பாகுத்தன்மை கொண்டிருக்க வேண்டும் என்பது தர விதி; அதே எண்ணெய் 40 டிகிரியில் அதைப்போல் பல மடங்கு கெட்டியாகவும், குளிர்ந்த காலையில் இன்னும் கெட்டியாகவும் இருக்கும். மெல்லிய திரவத்தில், எதிரழுத்தம் ஏதுமின்றி அளக்கப்பட்ட ஓட்ட அளவை இத்தகைய எண்ணெய்க்கு அப்படியே பொருத்த இயலாது என்பதால், அழுத்தம் ஏற ஏற ஓட்டம் எவ்வாறு குறைகிறது, மின்சாரம் எவ்வாறு கூடுகிறது என்று காட்டும் வரைபடத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து கேட்டுப் பெறுவதே முறையாகும்.

பம்பின் உள்ளமைப்பும் இதே அளவு கவனத்துக்குரியது. ரப்பர்த் திரை ஒன்று முன்னும் பின்னும் அசைந்து எண்ணெயை இழுத்துத் தள்ளும் டயஃப்ரம் பம்பு, சிறிது நேரம் எண்ணெயின்றி ஓடினாலும் கெடுவதில்லை. காற்றை இழுத்துத் தானாகவே எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. ஆயினும் அதன் ஓட்டம் துடிப்புத் துடிப்பாக வருவதோடு, சிறு வால்வுகள் கெட்டியான எண்ணெயில் தாமதமாக மூடுவதால் குளிரில் அதன் திறனும் குறைகிறது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் உறைக்கும் இடையே எண்ணெயைச் சுமந்து செல்லும் கியர் பம்பு சீரான ஓட்டத்தையும் உயர்ந்த அழுத்தத்தையும் தரவல்லது. ஆனால் அதன் பாகங்களுக்கு இடையேயான வெளி மிகக் குறுகியதாகையால், பற்கள் தேய்ந்து வரும் உலோகத் துகள்கள் அதைக் கீறிவிடும், எண்ணெயின்றி நெடுநேரம் ஓடினாலும் அது கெட்டுவிடும். இரு வகையிலும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகுமாதலால், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு உள்ள பம்பைத் தேர்வது நல்லது.

டர்போவிலிருந்து எண்ணெயை மீட்கும் பம்புக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும் தண்டைச் சுற்றி வரும் எண்ணெய், காற்றோடு கலந்து நுரையாகவே வெளியேறுகிறது. ஆகையால் டர்போவுக்குள் செல்லும் எண்ணெயின் அளவைவிட மிகுதியாக இழுக்கும் திறன் மீட்புப் பம்புக்கு வேண்டும். டர்போவின் அடைப்பான்கள் பிஸ்டன் வளையம் போன்றவையேயன்றி, தேங்கி நிற்கும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் அல்ல. பம்பு நின்றுவிட்டால் எண்ணெய் அவற்றைக் கடந்து புகைக்குழாயிலும் காற்றுக்குழாயிலும் இறங்கி நீலப் புகையாக வெளிப்படும். டிஃபரென்ஷியல் பம்பு சூடேறிய பின் ஓடினால் போதும்; டர்போப் பம்போ எஞ்சின் ஓடும் ஒவ்வொரு கணமும், நின்ற பின் சிறிது நேரமும் ஓடியாக வேண்டும். எனவே இடைவிட்டு மட்டுமே இயங்கலாம் என்று குறிக்கப்பட்ட மோட்டார் இப்பணிக்கு உதவாது.

பம்பினுள் இருக்கும் ரப்பரின் வகை, அது எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை முடிவுசெய்கிறது. நைட்ரைல் ரப்பர் கனிம எண்ணெய்க்கு இணக்கமானது என்றாலும், தொடர்ந்து ஏறத்தாழ 100 முதல் 120 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் இறுகி வெடிக்கத் தொடங்குகிறது. விட்டான் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை நிலைத்து நிற்கிறது. பிரேக் திரவத்துக்கு ஏற்ற இபிடிஎம் ரப்பரோ கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடுவதால், அறவே தவிர்க்கத்தக்கது. கடும் ஓட்டத்தில் டிஃபரென்ஷியல் எண்ணெய் 120 டிகிரியைக் கடக்கக்கூடும் என்பதையும், டர்போவிலிருந்து வரும் எண்ணெய் அதையும் விஞ்சும் என்பதையும் எண்ணினால், கூடுதல் விலை கொடுத்து ஃப்ளூரோ ரப்பரை வாங்குவது வீண்செலவாகாது.

நல்ல பம்பையும் மோசமான குழாய் முடக்கிவிடும். பம்பை நோக்கி எண்ணெயைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. அது ஒரு பாருக்கு மேல் இல்லை. குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே ஓட்டத்துக்குத் தேவைப்படும் அழுத்தம் பதினாறு மடங்காகிறது. அவ்வளவு அழுத்தம் கிடைக்காதபோது எண்ணெயினுள் குமிழிகள் தோன்றிப் பம்பு இரைச்சலோடு வெறுமனே சுழலும். எனவே பம்பை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, டிஃபரென்ஷியலுக்கு நெருக்கமாகப் பொருத்தி, உறிஞ்சும் குழாயைக் குட்டையாகவும், செலுத்தும் குழாயைவிட ஒரு படி அகலமாகவும் அமைக்க வேண்டும். பம்புக்கு முன்னே பெரிய துகள்களை மட்டும் பிடிக்கும் கம்பி வலை போதும். நுண்ணிய ஃபில்டரை அழுத்தம் கிடைக்கும் செலுத்து பக்கத்தில் வைப்பதே தகும்.

மின்னிணைப்பிலும் பாகுத்தன்மையே மீண்டும் தலைகாட்டுகிறது. நிமிடத்துக்கு 8 லிட்டர் எண்ணெயை 3 பாருக்கு எதிராக நகர்த்த 40 வாட் போதும். மூன்றில் ஒரு பங்கே பயனாகும் சிறு பம்பில் அது ஏறத்தாழ 10 ஆம்பியர் ஆகிறது. எண்ணெய் 90 டிகிரியை அடைந்ததும் ரிலே வழியாகப் பம்பை இயக்கும் வெப்பநிலை ஸ்விட்சு, குளிர்ந்த எண்ணெயோடு மோட்டார் மல்லுக்கட்டுவதைத் தவிர்க்கிறது; ஆயினும் ஸ்விட்சு இயங்கும் அக்கணத்தில் கூலரிலும் குழாய்களிலும் தேங்கியிருப்பது குளிர்ந்த எண்ணெயே என்பதால், தொடக்க மின்னோட்டத்தையும் தாங்கும் வகையில் ரிலே, ஃபியூஸ், கம்பியின் தடிமன் ஆகிய மூன்றையும் தீர்மானிக்க வேண்டும். காரின் அடிப்பகுதியில் நீரும் புழுதியும் படும் இடத்தில் பொருத்துவதானால், ஐபி67 தரத்தில் மூடப்பட்ட மோட்டார் நெடுநாள் உழைக்கும்.

பொருத்திய பின், கூலருக்குள் நுழையும் எண்ணெயின் வெப்பநிலையையும் வெளிவரும் எண்ணெயின் வெப்பநிலையையும் இரண்டு உணரிகளால் அளந்து பார்த்தால் தேர்வு சரியா என்பது விளங்கிவிடும். வெளிவரும் எண்ணெய் நன்றாகக் குளிர்ந்திருந்தும் டிஃபரென்ஷியலின் சூடு ஏறிக்கொண்டே போனால், ஓட்டம் போதவில்லை என்றும், பம்பிலோ குழாயிலோ குறை இருக்கிறது என்றும் கொள்ளலாம். இரண்டு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்து சூடு ஏறினால், கூலர் சிறியது அல்லது அதன்மீது காற்று படவில்லை என்று பொருள். அந்நிலையில் இன்னும் பெரிய பம்பை வாங்கிப் பொருத்துவதால் கூடுதல் மின்செலவே மிஞ்சும்.