ராத்திரி 2 மணிக்கு 'ரீமேட்ச்' அழுத்துறவரா நீங்க?

'கடைசியா ஒரே ஒரு கேம்!'

இந்த டயலாக்கை உங்களுக்கு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? பக்கத்து பெட்ல ரூம்மேட் குறட்டை, தலைக்கு மேல ஃபேன் 'கடகட', போர்வைக்குள்ள செல்போன் வெளிச்சத்துல ஆன்லைன் செஸ். தோத்தாச்சா? ரீமேட்ச். மறுபடியும் தோல்வியா? அட, இப்படியே எப்படித் தூங்குறது... இன்னொரு ரீமேட்ச்! நிமிர்ந்து பார்த்தா மணி ரெண்டரை. ரேட்டிங்ல 80 புள்ளி காலி. காலையில எட்டரைக்கு லேப்!

கை தூக்குங்க பார்ப்போம். வெட்கமே படாதீங்க, முதல் கை என்னுதுதான்.

நான் மூணாம் வருஷம் மெக்கானிக்கல். 2024 டிசம்பர் 12 அன்னிக்கு சிங்கப்பூர்ல 18 வயசு குகேஷ் உலக சாம்பியன் ஆனார் இல்லையா? அன்னிக்கு ராத்திரி எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் செஸ் ஆப் டவுன்லோட் பண்ணினோம். 'நம்ம சென்னைப் பையன், நம்ம வயசு, நம்மளால முடியாதா?'ன்னு ஒரு வேகம். ஒரு மாசத்துல மத்தவங்க எல்லாம் கிரிக்கெட்டுக்குத் திரும்பிட்டாங்க. நான் மட்டும் மாட்டிக்கிட்டேன்.

முதல் ரெண்டு மாசம் ரேட்டிங் சும்மா ஜிவ்வுனு ஏறிச்சு. அப்புறம் 1100 பக்கத்துல போய் நின்னுச்சு பாருங்க... ஆறு மாசம் அங்கேயேதான்! இன்னிக்கு 1130, நாளைக்கு 1060, மறுநாள் 1110. ஆடினது ரெண்டாயிரம் கேமுக்கு மேல. அந்த செமஸ்டர்லயே மேத்ஸ் பேப்பர்ல அரியரும் விழுந்துச்சு. வீட்ல கேட்டதுக்கு, "பேப்பர் டஃப்பும்மா"ன்னு சொல்லிட்டேன். பேப்பர் டஃப் எல்லாம் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

'ஒரே கேமை ரெண்டாயிரம் தடவை!'

மெஸ்ல ஒருநாள் புலம்பிட்டு இருந்தேன். எதிர்ல உட்கார்ந்து தோசை சாப்பிட்டுட்டு இருந்த ஜூனியர், ஸ்கூல் படிக்கும்போது மாவட்ட அளவுல ஆடினவன்.

"அண்ணா, தோத்த கேமைத் திரும்பப் போட்டுப் பார்ப்பீங்களா?"

"ஜெயிச்சதையே பார்க்க மாட்டேன்... தோத்ததை எவன்டா பார்ப்பான்?"

"அப்படின்னா நீங்க ரெண்டாயிரம் கேம் ஆடலைண்ணா. ஒரே கேமை ரெண்டாயிரம் தடவை ஆடியிருக்கீங்க!"

சட்னி காரமா, அவன் சொன்னது காரமான்னு தெரியலை. சுருக்குனு இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். கடைசியாத் தோத்த 50 கேம். ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பார்த்து, 'ஏன் தோத்தேன்?'னு ஒரே வார்த்தையில எழுதினேன். சாயங்காலம் கூட்டிப் பார்த்தா:

ஒரு காயை சும்மா தூக்கிக் கொடுத்தது - 29.
டைம் முடிஞ்சது - 9.
கடைசி வரிசையில செக்மேட் வாங்கினது - 6.
ஓப்பனிங்லயே சொதப்பினது - 4.
எதிராளி நிஜமாவே என்னைவிட நல்லா ஆடினது - 2!

கவனிச்சீங்களா? 50 பேர்ல என்னை 'ஜெயிச்சவங்க' ரெண்டே பேர். மீதி 48 நானே கொடுத்தது. இதுல காமெடி என்னன்னா, அந்த ஆறு மாசமும் நான் விழுந்து விழுந்து பார்த்தது ஓப்பனிங் வீடியோக்கள். வயித்து வலிக்குத் தலைவலி மாத்திரை!

உங்க கணக்கு வேற மாதிரி இருக்கலாம். ஆனா, அந்தக் கணக்கைப் போடாம எந்த மருந்தும் வாங்காதீங்க.

அவன் ஏன் அங்கே வெச்சான்?

காயை சும்மா கொடுக்குற வியாதிக்கு ஜூனியர் சொன்ன வைத்தியம் ஒரே ஒரு கேள்வி. எதிராளி மூவ் வெச்ச உடனே, 'அவன் ஏன் அங்கே வெச்சான்?'னு கேட்கணும். அடுத்த மூவ்ல அவன் செக் கொடுக்க முடியுமா? எதையாவது வெட்ட முடியுமா? வேற ஏதாவது மிரட்டல் இருக்கா? இந்த மூணையும் பார்த்த பிறகுதான் நம்ம பிளான். நாம வைக்கப்போற மூவுக்கும் இதே மூணு கேள்வி. இவ்ளோதான்.

'இதெல்லாம் எல்.கே.ஜி பாடம்'னு நினைக்காதீங்க. 2006-ல ஜெர்மனியோட பான் நகரத்துல, அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக் 'டீப் ஃப்ரிட்ஸ்'ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராமோட மோதினார். ரெண்டாவது கேம்ல, கம்ப்யூட்டரோட ராணி ஒரே மூவ்ல செக்மேட் பண்ண ரெடியா நிக்குது. அதைப் பார்க்காம தன் ராணியை வேற பக்கம் நகர்த்திட்டார். அடுத்த மூவே மேட்! குகேஷ் சாம்பியன் ஆன அந்த 14-வது கேமும் அப்படித்தான். டிரா ஆகும்னு எல்லோரும் நினைச்ச நேரத்துல, 55-வது மூவ்ல டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்துல வெச்சார். யானையும் பிஷப்பும் மாத்தி வெட்டுப்பட்டு, ஒரு சிப்பாய் அதிகமா இருந்த குகேஷுக்கு வெற்றி. 7.5-க்கு 6.5!

சாம்பியன்களுக்கே வருது பாஸ். அவங்களுக்கு எப்பவாவது. நமக்கு தினமும் ராத்திரி.

மூணு நிமிஷ மாயை

கேள்வி கேட்கணும்னா நேரம் வேணுமே! நான் ஆடினது எல்லாம் ஆளுக்கு மூணு நிமிஷ பிளிட்ஸ். அதுல யோசிக்கிறது மூளை இல்லை, கட்டைவிரல். ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் அது திரும்பத் திரும்பச் செய்யும். தப்பும் அதே தப்புதான்.

'ஆனந்தே பிளிட்ஸ் ஆடித்தானே வளர்ந்தார்?'னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன். சென்னை டால் செஸ் கிளப்ல அவர் பிளிட்ஸ் ஆடிக் குவிச்சது நிஜம். ஆனா, அதே காலத்துல மணிக்கணக்கா உட்கார்ந்து ஆடுற டோர்னமென்ட்களையும் ஆடினார். 16 வயசுல தேசிய சாம்பியன், 1987-ல உலக ஜூனியர் சாம்பியன், 1988-ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர். இதெல்லாம் நீண்ட ஆட்டத்துல வந்தது. நாம அவர்கிட்ட இருந்து பிளிட்ஸை மட்டும் உருவிக்கிட்டோம்!

அதனால, 15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்ட் கூடுதல்னு ஒரு செட்டிங் இருக்கும். அதுக்கு மாறுங்க. முதல் வாரம் போர் அடிக்கும். நாலு நிமிஷம் எதிராளி யோசிக்கும்போது இன்ஸ்டாகிராம் பக்கம் கை போகும். தாங்கிக்கோங்க.

ரேட்டிங் மார்க் ஷீட் இல்லை!

இந்த ரேட்டிங் முறையைக் கொடுத்தவர் அர்பாத் ஈலோ. ஹங்கேரியில பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர். உலக செஸ் கூட்டமைப்பு 1970-ல இதை ஏத்துக்கிட்டது. ஆன்லைன் தளங்கள் இதையே கொஞ்சம் மெருகேத்திப் பயன்படுத்துறாங்க.

கணக்கு சிம்பிள். உங்களைவிட 100 புள்ளி அதிகம் உள்ளவர், உங்களோட 100 கேம் ஆடினா சராசரியா 64 புள்ளி எடுப்பார். 200 அதிகம்னா 76. 400 அதிகம்னா 91. அதாவது 400 புள்ளி மேல இருக்கிறவர்கிட்டயும் நமக்கு ஒன்பது புள்ளி தேறும்!

இதுல ஒளிஞ்சிருக்கிற விஷயம் இன்னொண்ணு. ஆப் உங்களுக்கு எப்பவுமே உங்க ரேட்டிங் ஆளாத்தான் தேடிக் கொடுக்கும். அதனால நீங்க எவ்ளோ முன்னேறினாலும், கிட்டத்தட்ட பாதி கேம் தோப்பீங்க. 1100-லயும் பாதி, 1800-லயும் பாதி. 'தோக்கவே கூடாது'ன்னு உட்கார்ந்தா ரேட்டிங் ஏறாது, பி.பி-தான் ஏறும். தோல்வி வரும். அதுல என்ன எடுத்துக்கிறோம்கிறதுதான் மேட்டர்.

ராத்திரி ரீமேட்ச் பிரச்னைக்கும் இங்கேயே மருந்து. நான் எனக்கு ஒரு சட்டம் போட்டேன்: தொடர்ந்து ரெண்டு தோல்வின்னா, அன்னிக்குக் கடை சாத்தியாச்சு. கோபத்துல ஆடுற மூணாவது கேம் செஸ்ஸே இல்லை, பழிவாங்கல்!

மரங்கொத்தி மாதிரி கொத்துங்க

1973-ல சேஸ், சைமன்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணினாங்க. நிஜ கேம்ல வந்த போர்டு ஒண்ணை அஞ்சு செகண்ட் காட்டி மறைச்சா, மாஸ்டர் ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியா அடுக்கிட்டார். கத்துக்குட்டியால முடியலை. ஆனா, அதே காய்களைக் கன்னாபின்னான்னு கலைச்சு வெச்சப்போ, மாஸ்டரும் கத்துக்குட்டியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! மாஸ்டருக்கு ஞாபக சக்தி அதிகம்னு அர்த்தம் இல்லை. நாம ஒவ்வொரு எழுத்தாப் படிக்காம 'பேருந்து நிலையம்'னு ஒரே பார்வையில படிக்கிறோமே, அந்த மாதிரி அவங்க போர்டைப் படிக்கிறாங்க.

அந்தப் பார்வை வர ஒரே வழி, பசில். ஒரே குதிரை ரெண்டு காயை மிரட்டுற ஃபோர்க், ராஜாவை மறைச்சு நிக்கிறதால நகர முடியாம மாட்டுற பின்... இந்த மாதிரி அடிப்படை டைப்கள். புதுசு புதுசா ஓடாம, ஒரே 100 பசிலைத் திரும்பத் திரும்பப் போடுங்க. ஸ்வீடன் ஆட்டக்காரர் ஹான்ஸ் டிக்கனென் இப்படி ஒரே பசில் தொகுப்பை வேகம் கூட்டிக் கூட்டித் திரும்பத் திரும்பப் போட்டுத்தான், 2010-ல ஏழே வாரத்துல கிராண்ட்மாஸ்டருக்கான மூணு நார்மையும் முடிச்சார். அந்தப் பயிற்சிக்குப் பேர், 'மரங்கொத்தி முறை'!

ரெண்டு குட்டி டிப்ஸ்

காஸ்லிங் பண்ணி ராஜாவை ஓரமா வெச்சாச்சு, முன்னாடி மூணு சிப்பாய் சுவர்னு நிம்மதியா இருக்கீங்களா? உங்க யானைகள் கிளம்பிப் போன பிறகு, எதிராளி யானை கடைசி வரிசையில வந்து உட்கார்ந்தா அந்தச் சுவரே ஜெயில். நான் வாங்கின ஆறு மேட்டும் இதுதான். நேரம் கிடைக்கும்போது ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்து வைங்க.

அடுத்தது, கடைசியில ஒரே ஒரு சிப்பாய் மிஞ்சினா? உங்க சிப்பாய் 5-வது வரிசையில, உங்க ராஜா அதுக்கு நேர் முன்னாடி 6-வது வரிசையில நின்னா, மூவ் யாரோடதா இருந்தாலும் நீங்க ஜெயிக்கலாம். ஓரச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. சிப்பாயை முன்னாடி ஓட விடாதீங்க, ராஜா முன்னாடி போகட்டும்!

இது வேண்டாமே!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஒரு ராத்திரி, வெறுத்துப்போய், இன்னொரு டேபில இன்ஜினைத் திறந்து, அது சொன்ன மூவை ஆடி ஒரு கேம் ஜெயிச்சேன். எதிராளி 'நல்லா ஆடினீங்க'ன்னு மெசேஜ் போட்டார். அதைப் படிச்சிட்டுப் போனைக் கவிழ்த்து வெச்சுட்டேன். கண்டுபிடிச்சா அக்கவுன்ட்டை மூடிடுவாங்கங்கிறது ஒருபக்கம். அந்தப் பாராட்டு எனக்கு வந்தது இல்லைன்னு தெரிஞ்சது இன்னொரு பக்கம். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகலை.

இன்ஜின் கெட்டது இல்லை. கேம் முடிஞ்ச பிறகு வரணும், அதுவும் ரெண்டாவதா வரணும். முதல்ல நீங்களே 'எங்கே தப்பு?'னு தேடுங்க. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷை சின்ன வயசுல நீண்ட காலம் இன்ஜின் பக்கமே போகவிடாமத்தான் வளர்த்தார்.

உங்க வாரம் இப்படி இருக்கட்டும்

* வாரத்துக்கு நாலு நீண்ட கேம் போதும். பிளிட்ஸ், சனிக்கிழமை ஸ்வீட் மாதிரி கொஞ்சமா!
* ஒவ்வொரு கேமுக்கும் 15 நிமிஷம் நீங்களே ஆராய்ச்சி. அப்புறம் இன்ஜின். நோட்ல ஒரே ஒரு வரி.
* தினமும் 20 நிமிஷம் பசில். விடை முழுசாத் தெரியாம காயைத் தொடாதீங்க.
* வாரம் ஒருநாள் நிஜ போர்டுல, எதிர்ல ஆள் வெச்சு ஆடுங்க. முடிஞ்சதும் ரெண்டு பேரும் பேசுங்க.
* காசு வேண்டாம். 2010-ல ஆரம்பிச்ச லீசெஸ் தளத்துல பசில், ஆராய்ச்சி எல்லாமே இலவசம், விளம்பரமும் கிடையாது.

சரி, நீ எவ்ளோ ஏறினே?

எட்டு மாசத்துல 1100-ல இருந்து 1460. உலகம் அதிர்ற நம்பர் இல்லை. போன மாசம் ஒரு ஓப்பன் டோர்னமென்ட்டுக்குப் போனேன். ஏழு ரவுண்டுல மூணு வெற்றி, நாலு தோல்வி. அதுல ஒண்ணு, நாற்காலியில கால் தரையில எட்டாத ஒரு குட்டிப் பொண்ணுகிட்ட! கேம் முடிஞ்சதும் "அங்கிள், குதிரையை இங்கே வெச்சிருக்கலாம்"னு காட்டிச்சு. 'அங்கிள்'தான் கொஞ்சம் வலிச்சது. குதிரை விஷயம் கரெக்ட். நோட்ல எழுதிக்கிட்டேன்.

அப்புறம் அந்த அரியர் பேப்பர். விடைத்தாள் ஜெராக்ஸுக்கு அப்ளை பண்ணி வாங்கினேன். மூணு பெரிய கேள்விக்கு முறை சரி, நடுவுல பிளஸ், மைனஸ் தப்பு. எழுதினதைத் திரும்பப் பார்க்கலை. 'காயை சும்மா கொடுத்தது' கணக்குல அதையும் சேர்த்துக்கிட்டேன். வீட்டுக்கு போன் பண்ணி, "பேப்பர் டஃப் இல்லைம்மா, நான்தான் பார்க்கலை"ன்னு சொல்லிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, சாப்பிட்டியா?"ன்னாங்க. மறுபடி எழுதியிருக்கேன். கடைசி 20 நிமிஷம் பேனாவை மூடி வெச்சுட்டு சரிபார்த்தேன். ரிசல்ட் இன்னும் வரலை.

இன்னிக்கு ராத்திரியும் நீங்க தோப்பீங்க. நானும்தான். ஸ்கிரீன்ல ரெண்டு பட்டன் இருக்கும். ஒண்ணு, 'ரீமேட்ச்'. பக்கத்துலயே இன்னொண்ணு, 'அனலைஸ்'.

இன்னிக்கு மட்டும் அந்த ரெண்டாவதை அழுத்திப் பாருங்களேன்!