கரைந்து காக்கும் துத்தநாகம்

தொழிற்பயிற்சிக்காக லங்காவியில் ஒரு படகுப் பட்டறையில் பத்து வாரங்கள் தங்கியிருந்தேன். 1987இல் வரியற்ற தீவாக அறிவிக்கப்பட்ட லங்காவியில், உலகைச் சுற்றும் பாய்மரப் படகுகள் பழுதுபார்க்க நிற்பதுண்டு. இயந்திரவியல் படிக்கும் மாணவன் என்பதால் பெரிய டீசல் இயந்திரத்தைப் பிரித்து மாட்டச் சொல்வார்கள் என்று கனவு கண்டேன். ஆனால், முதல் நாள் என் கையில் கொடுத்தது பென்சில் பருமனுள்ள ஒரு சாம்பல் நிறக் கம்பியை. "இதை மாத்தத் தெரிஞ்சாப் போதும் தம்பி, பாதி இஞ்சினைக் காப்பாத்திடலாம்" என்றார் தலைமை மெக்கானிக் அண்ணன். அந்தக் கம்பியைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

பாய்மரப் படகுக்கு இயந்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மலாக்கா நீரிணையில் காற்று பல நாட்கள் வீசுவதே இல்லை. பெரும் சரக்குக் கப்பல்கள் வரிசையாகச் செல்லும் அந்த வழியில் இயந்திரம் நின்றுபோனால் விலகிச் செல்லவும் வழியில்லை. அந்த இயந்திரத்தைக் குளிர்விப்பது கடல்நீர். இயந்திரத்திற்குள் நன்னீர் சுற்றிவரும். அதன் வெப்பத்தை, வெப்பப் பரிமாற்றி என்னும் உருளைக்குள் மெல்லிய குழாய்களின் வழியே ஓடும் கடல்நீர் வாங்கிக்கொண்டு வெளியேறும். குழாய்கள் செம்புக் கலவை, மூடிகள் வெண்கலம், இணைப்புகள் பித்தளை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் அது ஒரு மின்கலம். பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் செருகி விளக்கெரித்தோமே, அதே கதைதான். எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையும்; மற்றது தப்பிக்கும். கடல்நீரில் செம்புக் கலவைகளின் மின்னழுத்தம் சுமார் -0.3 வோல்ட், துத்தநாகத்திற்கோ சுமார் -1.0 வோல்ட். ஆகவே துத்தநாகத்தை வேண்டுமென்றே உள்ளே வைத்தால், அரிமானம் முழுவதையும் அது தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதைத் தியாக மின்வாய் என்ற பொருளிலேயே அழைக்கிறார்கள். தோட்டத்து லயத்து வீடுகளின் கூரையை நினைத்துப் பாருங்கள். மலாயில் 'அத்தாப் சிங்க்' என்கிறார்கள். உண்மையில் அது இரும்புத் தகடு. அதன் மேல் பூசிய துத்தநாகம் கரையும்வரை இரும்பு துருப்பிடிக்காது.

இந்த வழியை முதலில் கப்பலில் சோதித்தவர் ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியில் அடித்த செம்புத் தகடுகள் கரைந்துபோவதைத் தடுக்க, 1824இல் அவர் இரும்பையும் துத்தநாகத்தையும் துண்டுகளாகப் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது. வேடிக்கை என்னவென்றால், கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை சிப்பிகளையும் பாசியையும் விரட்டிக்கொண்டிருந்தது! அது நின்றதும் அவை அடர்ந்து ஒட்டி, கப்பல்கள் வேகம் குறைந்தன. 1825இல் கடற்படை அத்துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. இரும்புக் கப்பல்கள் வந்த பிறகே டேவியின் வழி மீண்டும் பயன்பட்டது.

இனி, கம்பியை மாற்றும் வேலைக்கு வருவோம். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, வெப்பப் பரிமாற்றியில் உள்ள பித்தளைத் திருகுமூடியை ஸ்பானரால் கழற்றினால் கம்பியும் கூடவே வரும். பாதிக்குமேல் கரைந்திருந்தால் புதியதைப் பொருத்த வேண்டும். புதிய கம்பி நீளமாக இருந்து உள்ளே குழாயில் இடித்தால் அளவாக வெட்டிக்கொள்ளலாம். மரையில் டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள், பெயிண்டும் பூசாதீர்கள். உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் மின்னோட்டம் உண்டு. சில இயந்திரங்களில் நன்னீர்ச் சுற்றே கிடையாது. கடல்நீர் நேராக இயந்திரத்திற்குள் ஓடும். அவற்றில் துத்தநாகம் இயந்திரத்தின் உடலிலேயே பொருத்தப்பட்டிருக்கும். எங்கெங்கே என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்று விடுபட்டாலும் அந்தப் பக்கம் கரையத் தொடங்கும்.

நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரத்தில் ஒரு படகில் கழற்றிய கம்பி புத்தம்புதிதாக இருந்தது. மகிழ்ச்சியோடு மீண்டும் மாட்டப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "கரைஞ்சா கவலைப்படாதே, கரையலன்னாத்தான் பயப்படணும்." பார்த்தால், மரையில் பச்சைக் களிம்பேறி மின்தொடர்பே அற்றுப்போயிருந்தது. கம்பி சும்மா இருக்க, வெண்கல மூடி அரித்துக்கொண்டிருந்தது. சில நேரம் கோளாறு கம்பியிலேயே இருக்கும். துத்தநாகத்தில் சிறிதளவு இரும்பு கலந்திருந்தால்கூட மேலே ஒரு படலம் படிந்து, கரைவது நின்றுவிடும். மலிவாகக் கிடைக்கும் துண்டை வெட்டிச் செருகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு படகு புக்கெட்டிலிருந்து வந்தது. வழியில் மூன்று முறை வெப்ப எச்சரிக்கை மணி அடித்ததாம். மூடியைத் திறந்தோம். கம்பி இருந்த இடத்தில் வெறும் பித்தளைத் திருகு. உதிர்ந்த துத்தநாகத் துணுக்குகள் குழாய்களின் வாயில் அடைத்து நின்றன. கம்பி தீர்ந்த பிறகு கடல்நீர் பித்தளையைத் தின்னத் தொடங்கியிருந்தது. பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்துபோனால் எஞ்சுவது இளஞ்சிவப்பான, சுரண்டினால் உதிரும் செம்பு. ஒரு குழாயில் ஊசித்துளை. அதன் வழியே நன்னீர் கசிந்து குறைந்ததுதான் சூட்டுக்கு மற்றொரு காரணம். இரண்டு ஆண்டுகளாக அதைக் கழற்றிப் பார்த்ததே இல்லை என்றார் படகுக்காரர். சில ரிங்கிட் விலையுள்ள கம்பிக்காக, வெப்பப் பரிமாற்றியையே மாற்ற நேர்ந்தது.

எத்தனை மாதத்திற்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நம் கடல் சூடானது. அரிமானமும் விரைவாக நடக்கும். முதல் முறை ஒரு மாதத்தில் கழற்றிப் பார்த்து, கரைந்த அளவைக் கொண்டு அடுத்த தேதியை முடிவு செய்யலாம். புதிய பரிமாற்றியைப் பொருத்திய அன்று, கடல்நீர் வால்வைத் திறந்துவிட்டோமா என்று அண்ணன் இருமுறை சரிபார்த்தார். மறந்தால் நீரேற்றும் ரப்பர் சக்கரம் சிறிது நேரத்திலேயே கிழிந்துவிடும். புகைக்குழாயில் நீர் கொட்டியது, திருகில் கசிவு இல்லை. படகின் குறிப்பேட்டில் தேதியை எழுதி, உதிரிக் கம்பிகள் நான்கை ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம்.