எத்தனை யூனிட், எதற்காக?

இதய அறுவை என்றதும் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்களை வாட்டும் பயம், ஏற்றும் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்துவிடுமோ என்பதுதான். அது வீண்பயமல்ல. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு அந்தக் கொடுமை நேர்ந்தது தெரியவந்தது. ஆனால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்காமல் ரத்தம் தரக் கூடாது என்று சட்டமாவது இருக்கிறது. நெஞ்சுக் காயத்தில் சீழ், நுரையீரல் தொற்று, ரத்தத்தில் கிருமி ஆகியவற்றை அந்தச் சோதனைகள் தடுப்பதில்லை. ரத்தப் பை சுத்தமாக இருந்தாலும் அவை வரலாம். அடுத்தவர் ரத்தம் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்துவதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இதய அறுவை நோயாளிகளைக் கவனித்து 2013-ல் வெளிவந்த ஆய்வு, சிவப்பணு யூனிட் ஒவ்வொன்றுக்கும் தொற்று அபாயம் 29 சதவீதம் கூடியதைக் கண்டது.

நோய் முற்றியவர்களுக்குத்தானே அதிக ரத்தம் ஏறுகிறது, தொற்றுக்கு ரத்தத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. அந்த 29 சதவீதத்தில் நோயின் கடுமையும் கலந்திருக்கிறது. அதனால்தான் இதய அறுவை நோயாளிகளிடம் நடந்து 2017-ல் வெளியான டிரிக்ஸ் 3 சோதனை முக்கியமாகிறது. ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிய குழுவில் மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. ரத்தம் தேவைப்பட்டவர்களோ, தாராளமாக ஏற்றிய குழுவில் 73 சதவீதம், இந்தக் குழுவில் 52 சதவீதமே. மறுபக்கம், 2015-ல் வந்த பிரிட்டன் சோதனையில் குறைவாக ஏற்றிய குழுவில் தொற்று குறையவில்லை, மரணம் சற்றுக் கூடியது. எனவே ரத்தத்தை மறுக்கச் சொல்லவில்லை. உயிர் காக்கும் யூனிட்டை மறுப்பது பேராபத்து. தேவையற்ற யூனிட்டைத்தான் தவிர்க்க வேண்டும். அந்த வேலை அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; அது இருந்தால் ரத்தம் ஏற்றும் தேவை கூடும். நாள் குறித்துச் செய்யும் வால்வு அறுவையென்றால், முன்கூட்டியே ஹீமோகுளோபினைப் பார்த்து இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ளலாம்.

மாநகராட்சி மருத்துவமனைக் கூட்டத்தில் டாக்டரிடம் கேள்வி கேட்க முடியுமா என்று தயங்க வேண்டாம். எத்தனை யூனிட், எதற்காக என்று கேட்பதும், புரிந்த பின் சம்மதிப்பதும் நோயாளியின் உரிமை. வீடு திரும்பி 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்கிறது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம். ரத்தப் பையின் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கொடையாளரைத் தேடிப் பிடிக்க அதுவே வழி. காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். கவனக்குறைவு நடந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. 2002-ல் ராணுவ மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்றிய விமானப்படை வீரருக்கு, 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கியது.