பகலில் டேலி, இரவில் வேலரன்ட்: பழைய ரேமை எவ்வளவு விரட்டலாம்?

செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பங்கைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளத் தொடங்கியதாலும், பெரிய உற்பத்தியாளர்கள் டிடிஆர்4 சில்லுகளைத் தயாரிப்பதைக் குறைக்க முடிவெடுத்ததாலும், 2025ஆம் ஆண்டில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம், ஏறத்தாழ 30 ஆண்டுகளாகச் சில்லறை வாடிக்கையாளருக்கு ரேம் விற்றுவந்த ‘குரூசியல்’ வணிகத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. புதிய கணினி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் கையில் இருக்கும் பழைய கணினியிலிருந்தே இன்னும் கொஞ்சம் வேகத்தைப் பெற முடியுமா என்று பார்ப்பது இயல்பு. அந்தத் தேடலில் முதலில் கண்ணில் படுவது ரேமை ஓவர்கிளாக் செய்வது, அதாவது நினைவகத்தை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

அவிநாசி வட்டத்துச் சேவூரிலும் அதைச் சுற்றியுள்ள பின்னலாடை, விசைத்தறிப் பகுதியிலும் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. பவர் டேபிள் வைத்துப் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு வீட்டில் பகலில் டேலியில் பில் போடுவதும், பிள்ளைகள் இரவில் விளையாடுவதும் பெரும்பாலும் ஒரே கணினியில்தான் நடக்கும். விளையாட்டுக்கென்றே வாங்கிய கணினியில் ரேம் பிழை செய்தால் ஓர் ஆட்டம் பாதியில் நிற்கும், அவ்வளவுதான். கணக்கும் இருக்கும் கணினியில் அதே பிழை ஒரு பில்லின் தொகையை எவருக்கும் தெரியாமல் மாற்றிவைக்கக்கூடும். ஆகவே ‘பாதுகாப்பாக’ ஓவர்கிளாக் செய்வது என்று இங்கே சொல்லும்போது, ரேம் பட்டை கருகாமல் காப்பது அதில் சிறு பகுதியே. தகவல் கெடாமல் காப்பதே பெரும்பகுதி.

தகவல் ஏன் கெடுகிறது என்பதை அறிய நினைவகத்தின் அடிப்படையைச் சற்றே பார்க்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் கண்டறிந்து 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைய ரேம் அனைத்துக்கும் மூலம்: ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைச் சிறிது நேரம் பிடித்துவைக்கும் ஒரு மின்தேக்கி, இரண்டும் சேர்ந்தால் ஒரு பிட். அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. ஊற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அது வடிந்துபோவதற்குள் படித்து மீண்டும் நிரப்புவதற்குப் புதுப்பிப்பு என்று பெயர். வழக்கமான டிடிஆர்3, டிடிஆர்4 சில்லுகளில் எல்லா வரிசைகளையும் 64 மில்லிவினாடிக்குள் ஒரு சுற்றுப் புதுப்பித்தாக வேண்டும். அதை 8,192 கட்டளைகளாகப் பிரித்து, சராசரியாக 7.8 மைக்ரோவினாடிக்கு ஒன்று வீதம் நினைவகக் கட்டுப்பாட்டகம் அனுப்புகிறது. சூடு ஏற ஏறக் கசிவு கூடுவதால், சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புதுப்பிப்பு இரட்டிப்பாக வேண்டும் என்று தரவிதியே சொல்கிறது. கொங்கு மண்ணின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கணினியை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு செய்தியை மறக்காமல் இருப்பது நல்லது.

பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றியும் தெளிவு தேவை. ‘டிடிஆர்4-3200’ என்பதில் உள்ள 3200, ஒரு வினாடியில் நடக்கும் பரிமாற்றங்களை மில்லியனில் சொல்கிறது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு பரிமாற்றம் நடப்பதால் உண்மையான கடிகார வேகம் அதில் பாதியான 1600 மெகாஹெர்ட்ஸ்தான். அதனாலேயே சிபியு-இசட் போன்ற இலவச மென்பொருளில் 1600 என்று பார்த்ததும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கொதிப்பவர்கள் உண்டு. உடன் வரும் சிஎல் என்னும் எண், தகவல் கேட்டதற்கும் அது வரத் தொடங்குவதற்கும் இடையே எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கிப் பட்டையின் வேக எண்ணால் வகுத்தால், காத்திருப்பு நானோவினாடியில் கிடைக்கும். டிடிஆர்3-1333 சிஎல்9 பட்டையில் அது 13.5, டிடிஆர்4-2666 சிஎல்19 பட்டையில் 14.25, டிடிஆர்4-3200 சிஎல்16 பட்டையில் 10. முதல் இரண்டையும் ஒப்பிட்டால், ஒரே நேரத்தில் கடத்தும் அளவு இரட்டிப்பாகியும் காத்திருப்பு சிறிதும் குறையவில்லை என்பது தெரியும். விளையாட்டுகளுக்கு இவ்விரண்டும் முக்கியம் என்பதால், பெரிய எண்ணை மட்டும் துரத்துவதில் பயனில்லை.

பயன் யாருக்கு அதிகம் என்று கேட்டால், தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு என்பதே நேரான விடை. ஏஎம்டி நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ரைசன் 3 2200ஜி போன்ற செயலிகளில் கிராபிக்ஸ் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, கணினியின் ரேமையே பங்கிட்டுக்கொள்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் முதல் வடிவம் தன் சொந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 128 ஜிகாபைட் பெறும்போது, 2400 வேகத்தில் ஒரே ஒரு ரேம் பட்டை போட்ட 2200ஜி வெறும் 19.2 ஜிகாபைட்டைச் செயலியும் கிராபிக்ஸும் பிய்த்துக்கொள்ள விடுகிறது. அதே வேகத்தில் இன்னொரு பட்டையைச் சரியான துளையில் செருகினால் இரட்டைத் தடம் திறந்து 38.4 ஆகும், இரண்டையும் 3200க்கு உயர்த்தினால் 51.2 ஆகும். இந்தக் கணக்கிலேயே ஒரு தீர்ப்பும் இருக்கிறது: ஒற்றைப் பட்டையை எவ்வளவு விரட்டினாலும் இரண்டாவது பட்டை தரும் பலனை எட்ட முடியாது.

தனிக் கார்டு உள்ளவர்களுக்குப் பலன் ஆட்டத்தைப் பொறுத்தது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவற்றைத் தரத்தைக் குறைத்துவைத்து ஆடும்போது சுமை செயலியின் மீது விழுகிறது. செயலி ரேமுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்தால், குறிப்பாக எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம் என்னும் கணக்கு) திடீரெனச் சரியும் தருணங்கள் குறையும். காட்சித்தரத்தை உச்சத்தில் வைத்து ஆடும் ஆட்டங்களில் கார்டுதான் திணறுகிறது என்பதால், ரேமை எவ்வளவு முடுக்கினாலும் கண்ணுக்குத் தெரிவது சொற்பம்.

அடுத்து, மதர்போர்டு இடம் கொடுக்குமா என்பது. இன்டெல் தன் விலை குறைந்த சிப்செட்டுகளில் ரேம் வேகத்துக்கு நெடுங்காலம் பூட்டுப் போட்டிருந்தது: எச்110இல் 2133, பி250இல் 2400, எச்310, பி360 ஆகியவற்றில் 2666 என்பவை எல்லைகள்; 2021இல் வந்த பி560தான் அந்த வரிசையில் பூட்டை முதலில் திறந்தது. அதற்கு முன் அந்த வசதி இசட் என்னும் எழுத்தில் தொடங்கும் விலையுயர்ந்த போர்டுகளுக்கே பெரும்பாலும் இருந்தது. ஏஎம்டியின் பி350, பி450 போர்டுகள் இவ்வகையில் தாராளமானவை. ஆகையால் 3200 பட்டையை வாங்கி எச்310 போர்டில் போட்டவர், கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் எத்தனை நாள் தேடினாலும் 2666ஐத் தாண்டப்போவதில்லை.

போர்டு இடம் கொடுக்கும் இடங்களில்கூட, கணிசமானோருக்குத் தேவைப்படுவது ஓவர்கிளாக்கே அன்று. வாங்கியபோதே காசு கொடுத்த வேகத்தை எடுத்துக்கொள்வதுதான். ரேம் பட்டையில் எஸ்பிடி என்னும் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. பட்டை எந்த வேகத்தில், எந்தத் தாமத எண்களில் ஓட வேண்டும் என்ற குறிப்பு அதில் பதிவாகியிருக்கும். விளையாட்டுக்கென்று விற்கப்படும் பட்டைகளில் இரண்டு குறிப்புகள் இருக்கும். முதலாவது 2133, 2400 அல்லது 2666 என்ற அடக்கமான வேகம்; கணினி தானாக எடுப்பது இதைத்தான். இரண்டாவது, இன்டெல் 2007இல் டிடிஆர்3 காலத்தில் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி என்னும் கூடுதல் குறிப்பு. அட்டையில் அச்சிட்ட 3200, 3600 எல்லாம் இதற்குரியவை. பயாஸுக்குள் சென்று இதைத் தேர்ந்தெடுக்காத வரை பட்டை பழைய நடையிலேயே போய்க்கொண்டிருக்கும். சில ஏஎம்டி போர்டுகளில் இதே வசதி டிஓசிபி என்ற பெயரில் இருக்கும்.

எக்ஸ்எம்பியையும் தாண்டிக் கையால் எண்களை மாற்றத் துணிபவர், மின்னழுத்தத்தின் எல்லைகளை முதலில் மனத்தில் பதிக்க வேண்டும். டிடிஆர்4க்குத் தரவிதி சொல்வது 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி பட்டைகள் வழக்கமாக 1.35 கேட்கும், வீட்டுக் கணினிக்கு 1.4ஐ வரம்பாகக் கொள்வது அறிவுடைமை. டிடிஆர்3க்கு இயல்பு 1.5, நினைவகக் கட்டுப்பாட்டகம் செயலிக்குள்ளேயே அமைந்த 2008ஆம் ஆண்டுத் தலைமுறையிலேயே 1.65ஐத் தாண்டினால் செயலி சேதமடையலாம் என்று இன்டெல் எச்சரித்திருக்கிறது. டிடிஆர்3 ஏற்கும் இன்டெல் ஆறாம் தலைமுறை போர்டுகளோ 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகைக்கு மட்டுமே உரியவை. அங்கே பழைய 1.5 வோல்ட் பட்டையைச் செருகுவதே செயலிக்குக் கெடுதல். ரைசனில் எஸ்ஓசி மின்னழுத்தம் என்ற இன்னொன்றும் உண்டு. டிடிஆர்4 காலச் செயலிகளுக்கு 1.1 போதும், 1.2ஐ மீறக் கூடாது. இதைப் போர்டே தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது: 2023இல் ரைசன் 7000 செயலிகள் சில கருகியபோது, ரேம் வேகத்தை உயர்த்தும் குறிப்பை இயக்கியதும் போர்டுகள் தாமாகவே எஸ்ஓசி மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றியது வெளிப்பட்டு, ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைக்க நேர்ந்தது.

வேகத்தைக் கூட்டுவதில் முறை எளிது, பொறுமைதான் அரிது. 2400இலிருந்து 2666, பிறகு 2933 என்று ஒரு படி ஒரு படியாக ஏற வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ரைசன் 3000, 5000 வரிசைகளில் செயலியின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையும் ரேமின் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடுவதால் 3600 வரை ஏறுவதில் பொருள் உண்டு. அதற்குச் சற்று மேலே போனால் இரண்டும் இணைந்து ஓட முடியாமல் பிரிந்து, எண் உயர்ந்தும் ஆட்டம் மந்தமாகும். கணினி எழவே மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். வெவ்வேறு நிறுவனத்தின் பட்டைகளைக் கலந்து போட்டவர்களுக்கு இந்த ஏற்றம் பெரும்பாலும் வாய்க்காது, ஏனெனில் இரண்டில் பலவீனமானதே எல்லையை வகுக்கும்.

கணினி எழுந்துவிட்டது, விண்டோஸ் வந்துவிட்டது, ஓர் ஆட்டமும் ஆடி முடித்தாயிற்று என்பதை வெற்றியாகக் கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. வீட்டுக் கணினிகளின் ரேமில் பிழையைக் கண்டறிந்து திருத்தும் கூடுதல் சில்லு இருப்பதில்லை. ஒரு பிட் புரண்டால் அது ஆட்டத்தின் படத்தில் விழுந்து யார் கண்ணிலும் படாமல் போகலாம், நீலத்திரை காட்டி நிற்கலாம், அல்லது வட்டில் எழுதப்படக் காத்திருக்கும் ஒரு கோப்பில் விழுந்து அப்படியே பதிவாகலாம். மூன்றாவதுதான் கொடியது, ஆறு மாதம் கழித்துக் கோப்பு திறக்க மறுக்கும்போது, அதற்குள் எடுத்த காப்புப் பிரதிகளிலும் அதே பிழை ஏறியிருக்கும்.

எனவே ஒழுங்கு இப்படி அமைய வேண்டும்: தொடங்குமுன் கணக்குக் கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக் கழற்றிவைத்துவிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் விண்டோஸை எழுப்பாமல் பென்டிரைவிலிருந்து நேராக மெம்டெஸ்ட்86 அல்லது கட்டற்ற மென்பொருளான மெம்டெஸ்ட்86+ ஓட்ட வேண்டும். சோதிக்கப்படாத ரேமோடு விண்டோஸ் எழுந்தால், அது தன் சொந்தக் கோப்புகளையே தவறாக எழுதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. மெம்டெஸ்ட்86இன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகளோடு நின்றுவிடும். ரேமின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம் பிடிக்கும். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விடுவதற்கில்லை. தேறிய பிறகே விண்டோஸுக்குள் சென்று டெஸ்ட்மெம்5 போன்ற கடுமையான சோதனையை ஓட்டி, ஆட்டம் ஒன்றையும் நெடுநேரம் ஆடிப் பார்க்க வேண்டும், ஏனெனில் கிராபிக்ஸ் கார்டின் சூடு பெட்டிக்குள் ஏறும்போதுதான் ரேமின் உண்மை நிலை தெரியும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஓர் எதிரி, பஞ்சு. பின்னல் எந்திரமும் விசைத்தறியும் ஓடும் தெருக்களில் காற்றில் மிதக்கும் மெல்லிய இழை கணினிப் பெட்டியின் முகப்புத் துளைகளிலும் விசிறி இறக்கைகளிலும் செயலியின் வெப்பத்தகட்டு இடுக்குகளிலும் படிந்து, நாளடைவில் கம்பளி விரித்தாற்போல் ஒரு படலமாகிவிடும். வெறும் தூசி ஊதினால் பறக்கும். பஞ்சு எண்ணெய்ப் பிசுக்கோடு பின்னிக்கொள்வதால் தூரிகை வைத்து எடுத்தால்தான் வரும், அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. மார்கழி இரவில் பிழையின்றித் தேறிய அமைப்பு, வெளியே 38 டிகிரியை நெருங்கும் சித்திரைப் பிற்பகலில், பஞ்சடைத்த பெட்டிக்குள் தோற்றுப்போவதில் வியப்பில்லை. வேகமாக ஓடுவதற்குப் பெயர்பெற்ற சாம்சங் பி-டை சில்லுகள்கூடத் தாமத எண்களை இறுக்கி வைத்தால் சூட்டில் எளிதாகப் பிழை காட்டும். சோதனையைக் கோடையின் நடுப்பகலில் நடத்துவதும், அது முடியாவிட்டால் தேறிய வேகத்திலிருந்து ஒரு படி இறங்கி நிற்பதும் இங்கே கட்டாயம் என்றே சொல்லலாம்.

நிறுவனங்கள் கழித்துக் கட்டி, பழைய பொருளாக விலைக்கு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் போன்ற அலுவலகக் கணினிகளை வைத்திருப்போருக்கு மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தா. அவற்றின் பயாஸில் ரேம் வேகத்தை மாற்றும் பக்கமே பொதுவாக இருக்காது. டிடிஆர்3-1333 பட்டையோடு வந்த பழைய ஐ5 கணினியை 1600க்கு ஏற்ற முடிந்தாலும் கிடைப்பது சில எஃப்பிஎஸ்தான். அத்தகைய பெட்டியில் ஒற்றைப் பட்டை இருந்தால், அதே அளவும் வேகமும் உள்ள இன்னொன்றைப் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கி, பணம் கொடுக்கும் முன் கடைக்காரரின் மேசையிலேயே மெம்டெஸ்ட் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வது போதும்.