ஆண்டெனாப் பெட்டிக்குள் ஒரு பாலன்

மாணவர்களே, கீழ்வேளூரிலோ நாகப்பட்டினத்திலோ பழைய மாடி வீடுகளை அண்ணாந்து பாருங்கள். உப்புக்காற்றில் வெளுத்த அலுமினியக் குழாய் ஆண்டெனா ஒன்றிரண்டு இன்னும் நிற்கக்கூடும். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, கடல் தாண்டி வரும் அதன் அலைகளைப் பிடிக்க நம் கடலோர ஊர்களில் உயரமான கம்பங்களில் ஏற்றப்பட்டவை இவை. பார்ப்பவர் கண்ணில் குழாய்கள்தான் படும். நாம் கேபிள் வந்து சேரும் இடத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் பெட்டியைத் திறப்போம்.

அந்தப் பெட்டி எதற்கு? கேபிள் மாட்டப்படும் மடித்த குழாயின் மின்மறுப்பு சுமார் 300 ஓம். கேபிளுடையது 75 ஓம். இரண்டையும் நேராக இணைத்தால் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும். 300-இலிருந்து 75-ஐக் கழித்து, கூட்டுத்தொகையான 375-ஆல் வகுத்தால் 0.6. அதன் வர்க்கம் 0.36. ஆக, 36 சதவீத ஆற்றல் கேபிளுக்குள் நுழையவே இல்லை! உள்ளூர் நிலையமென்றால் பரவாயில்லை. கடல் தாண்டி இளைத்து வந்த அலைக்கு, படம் தெரியுமா, வெறும் புள்ளிகள் கொட்டுமா என்பதே இதில் அடங்கியிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழாயின் ஒரு முனையில் மின்னழுத்தம் ஏறும்போது மறுமுனையில் இறங்கும். இது சமநிலை அமைப்பு. கேபிளிலோ வெளிவலை நிலத்தோடு சேர்ந்தது. இவ்விரண்டையும் பொருத்துகிற உறுப்புக்கு 'பாலன்' என்று பெயர். நம்மூர்ப் பாலன் அல்ல. 'பாலன்ஸ்டு', 'அன்பாலன்ஸ்டு' என்ற சொற்களைச் சுருக்கியது.

பழைய முறை, அரை அலைநீளக் கேபிள் துண்டு ஒன்றை வளையமாக இணைப்பது. ஒரு முனையின் அலை நேராக இறங்கும். மறுமுனையின் அலை வளையத்தைச் சுற்றி, அரை அதிர்வு தாமதித்து, முதல் அலையோடு ஒத்துச் சேரும். 5-ஆம் சானலுக்கு (174–181 மெகாஹெர்ட்ஸ்) அந்தத் துண்டு சுமார் 56 செ.மீ. 4-ஆம் சானலுக்கோ (61–68 மெகாஹெர்ட்ஸ்) ஒன்றரை மீட்டர் வேண்டும். ஒன்றுக்கு வெட்டியது மற்றதற்கு உதவாது.

ஒரு மதகிலிருந்து இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து மீண்டும் கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால், குறிப்பிட்ட அலைநீளமுள்ள சிற்றலைகள்தாம் நாம் விரும்பியபடி கூடும். நீளம் சமமானால் எந்தச் சிற்றலையும் ஒரே நேரத்தில் வந்து சேரும். சுவிட்சர்லாந்தின் குஸ்தாவ் குவனெல்லா 1944-இல் வெளியிட்ட வழி இதுதான். 150 ஓம் கொண்ட இரண்டு சமநீள இரட்டைக் கம்பிகளை எடுத்து, ஆண்டெனாப் பக்கம் தொடராகக் கட்டுங்கள்: 300 ஓம். கேபிள் பக்கம் இணையாகக் கட்டுங்கள்: 75 ஓம். அலைநீளம் பற்றிய பேச்சே இல்லை.

"ஒரு பக்கம் தொடர், மறுபக்கம் இணை என்றால் கம்பிகளே குறுக்குச்சுற்று ஆகிவிடாதா?" நல்ல கேள்வி. அதைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் பன்றி மூக்கைப் போல இரு துளைகளுள்ள கரிய கட்டை இருக்கிறது. அது ஃபெரைட், இரும்பு, நிக்கல், துத்தநாக ஆக்சைடுகளை அழுத்தி, பானையைப் போலச் சுட்டது. அலையைக் கொண்டுவரும் மின்னோட்டம் ஒரு கம்பியில் போய் மறுகம்பியில் திரும்புவதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஃபெரைட்டுக்கு அது தெரிவதேயில்லை. குறுக்கே ஓடப் பார்க்கும் மின்னோட்டத்துக்குத் துணைக்கம்பி கிடையாது. அதைத்தான் ஃபெரைட் மறிக்கிறது. கட்டை இல்லாவிட்டால் இந்த மறிப்புக்கே நீளமான கம்பிச்சுருள் வேண்டும்.

ஆனால் வடிவமைப்பவருக்கு இங்கே ஓர் இழுபறி காத்திருக்கிறது. அதிர்வெண் குறையக் குறைய மறிப்பு வலுவிழக்கும். சுற்றுகளைக் கூட்ட வேண்டும். கூட்டினால் கம்பி நீளும். நீண்டால், உயர்ந்த அதிர்வெண்களில் சிறு பொருத்தக் குறைகளும் பெரிதாகிவிடும். கட்டையின் பொருள், துளையின் அளவு, சுற்றின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சரியாகத் தேர்ந்தால், விரல்நுனி அளவில் இரு பட்டைகளுக்கும் ஒரே பாலன் போதும்.

ஆயிரக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் கொண்ட நுண்ணலைகளில் இந்தக் கட்டை பயன்படாது. அங்கே ஃபெரைட்டுக்குப் பதில் பீங்கான். மின்காப்பு மாறிலி 9 உள்ள பீங்கானுக்குள் அலைநீளம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 2400 மெகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் காற்றில் 12.5 செ.மீ.; பீங்கான் அடுக்குகளுக்கிடையே உலோகப் பட்டைகளை மடித்து மடித்துப் பதித்து, அதற்கான பாலனை 2 மில்லிமீட்டர் நீளத்தில் செய்துவிடுகிறார்கள்.