இதோட நிறுத்திருங்க அக்கா!

வாட்டர்கலரில் பூ வரைய ஆசைப்படுகிறவர்கள் முதல் செலவைத் தாளுக்குச் செய்யுங்கள். கலருக்கு கேம்லின் கேக் போதும். பிரஷ்ஷுக்கு எட்டாம் நம்பர் ரவுண்டு ஒன்று போதும். தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளமாக நெளியும், கரைத்து விட்ட கலரெல்லாம் பள்ளத்தில் போய்த் தேங்கும். “நமக்கெல்லாம் இது வராது” என்று பலர் பிரஷ்ஷைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான். பாவம், தாள் செய்த குற்றத்துக்குக் கை தண்டனை அனுபவிக்கிறது.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் வரைவதற்குப் பூவுக்கா பஞ்சம்? காம்பவுண்டுச் சுவரோரம் செம்பருத்தி, அரளி, நித்தியகல்யாணி, வேலியில் சங்குப்பூ. கடற்கரைப் பக்கம் போனால் மணலில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியின் ஊதாப் பூ. என்னைக் கேட்டால் பூவரசில் தொடங்கச் சொல்வேன். காலையில் வெளிர்மஞ்சளாக விரியும், அடியில் கருஞ்சிவப்பு. பொழுது சாயச் சாயச் செம்மை ஏறி, வாடிச் சுருங்கிவிடும். ஆகவே மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். இந்த அவசரம் நல்லது. இழைத்து இழைத்துக் கெடுக்க நேரம் தராது.

முதலில் இதழ் முழுக்கச் சுத்தமான தண்ணீரைப் பூசுங்கள். அது பளபளக்கும்போதே மஞ்சளை விளிம்பிலிருந்து உள்ளே விட்டால் தானாகப் பரவும். பளபளப்பு அடங்கி, தொட்டால் சில்லென்று மட்டும் இருக்கும் நேரத்தில் அடியில் கருஞ்சிவப்பு ஒரு சொட்டு. கொஞ்சம் முந்தினால் சிவப்பு ஓடி இதழையே விழுங்கிவிடும். பிந்தினால் ஒட்டுப்போட்டது மாதிரி தனியே நிற்கும். அந்த நேரத்தை ஊரின் காற்றுதான் தீர்மானிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பூச்சு காய வெகு நேரம் ஆகும். சித்திரை வெயிலில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். வெளியூர்க்காரர் எழுதிய புத்தகத்தில் இருக்கும் நிமிடக் கணக்கு இங்கே செல்லாது.

அதற்குத்தான் கூட ஆள் வேண்டும் என்கிறேன். எப்போது கலரை விடுவது என்பதைத் தனியே இருந்தும் பழகிக்கொள்ளலாம். எப்போது நிறுத்துவது என்பது வரைகிறவருக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து வரைகிறவருக்குத்தான் தெரியும். “அக்கா, இதோட நிறுத்திருங்க. இன்னும் தொட்டீங்கன்னா சகதியாயிரும்” என்று ஒரு பெண் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பத்து வகுப்பின் மதிப்பு உண்டு. “சூப்பரா இருக்கு” என்பது அன்பு, அவ்வளவுதான். மல்லிகையை வரைய வெள்ளைக் கலர் டியூபைத் தேடுகிறவரிடம், “வெள்ளை தாள்லயே இருக்குல்லா? சுத்தி இலைப்பச்சைய அடிங்க, பூ தானா வெளிய வரும்” என்று சொல்கிறவர்தான் சக ஓவியர்.

இந்தச் சீமைக்கும் பூ ஓவியத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. ஆங்கிலேயக் கம்பெனியின் ராணுவ மருத்துவர் ராபர்ட் வைட் 1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் இருந்தார். தூத்துக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். மருத்துவம் அவருக்கு உத்தியோகம், தாவரங்கள் மேல்தான் பைத்தியம். தென்னிந்தியத் தாவரங்களை அவருக்காக வரைந்தவர் ரங்கையா. 1840களின் நடுவில் அந்த இடத்துக்கு வந்தவர் கோவிந்து. வைட் அனுப்பிய ரங்கையாவின் படங்களைக் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கர் அச்சேற்றினார். பிறகு 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வைட்டே வெளியிட்ட நூலில் 2,101 படங்கள்.

கம்பெனி துரைமார்களுக்கு வரைந்த நம் ஊர் ஓவியர்களில் பலருக்குப் பெயரே மிஞ்சவில்லை. வைட்டின் நூலிலோ படத்தின் அடியில் வரைந்தவர் பெயர் இருக்கிறது. அதோடு விடாமல், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்துயா’ என்று பெயர் சூட்டினார் வைட். பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை ‘டிரோபிடியா’வோடு சேர்த்துவிட்டார்கள், அது வேறு விஷயம். சம்பளம் கொடுத்ததைவிட ஓவியரின் பெயரைப் பதித்தது பெரிய காரியம் என்பது என் கட்சி. 2007இல் ஹென்றி நோல்ட்டி இந்த இரு ஓவியர்களின் பெயரையும் தலைப்பிலேயே போட்டு எழுதிய நூல் எடின்பரோ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்தது.

கூட ஆள் வேண்டும் என்றேன் அல்லவா? சென்னையில் வாழ்ந்த எலிசபெத் குவில்லிமுக்கு அப்படித் துணை இருந்தது. நீதிபதியின் மனைவியாக 1801இல் வந்தவர், 1807இல் அங்கேயே இறந்தார். பறவைகளையும் பூக்களையும் வரைந்தார். கூட வந்த தங்கை மேரியும் ஓவியர். தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர் தரங்கம்பாடி மிஷனரி ராட்லர்.

தூத்துக்குடிக்காரர்களுக்கென்றே ஒரு வித்தை இருக்கிறது: கல்லுப்பு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான் விளைகிறது, நாலு கல்லைப் படத்துக்குக் கொடுத்தால் என்ன? பின்னணிக்கு அடித்த நீலம் பாதி காய்ந்திருக்கும்போது தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும், கலர் நகரும், அந்த இடத்தில் வெளிறிய நட்சத்திரம் விழும். அடப்பங்கொடியின் அடியில் மணலைக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கல் விடாமல் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நம் கடற்காற்றில் உப்பு கசிந்து படம் பாழ்.

பிள்ளைகள் ஓவியம் பழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் உண்டு. பட்டம் வாங்க சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நாற்பது, ஐம்பது வயதில் ஆசை வந்தவர்களுக்கு? சியாட்டிலில் 2007இல் ஒரு பத்திரிகை ஓவியர் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற குழு இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. தெருவில், பூங்காவில் உட்கார்ந்து சேர்ந்து வரைவார்கள்; ஆசிரியர், மாணவர் என்ற பேதம் இல்லை.

அதே மாதிரி மில்லர்புரத்தில் நாலு பேர் சேர்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன் ரோச் பூங்காவுக்குப் போங்கள். எல்லாரும் ஒரே பூவை வரையுங்கள். வரைந்ததை வரிசையாகத் தரையில் வைத்துப் பாருங்கள். பாராட்டுக்கு முன்னால் ஒரு திருத்தம் சொல்வது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் அடியில் பூவின் பெயர், இடம், தேதி, கூடவே உங்கள் கையெழுத்து. கூச்சப்படாமல் போடுங்கள்.